அதிகாரமே இல்லாத மன்னர் ஒரு நாட்டுக்கு எதற்கு?

கேள்வி: பிரிட்டன், மலேசியா மாதிரி நாடுகளில் எல்லாவற்றையும் பிரதமர்தான் செய்கிறார் என்றால் மன்னர் எதற்கு, அவருக்குச் செலவு எதற்கு? அங்கே வேலைக்குப் போகும் நம் ஆட்கள் கடையில் மன்னர் படத்தை மாட்டுவது அடிமைப் புத்திதானே?

முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். இரண்டாவது பாதி சுட்டுவிட்டது. நீங்கள் அநேகமாகக் கல்லூரியில் படிக்கிறீர்கள், அங்கெல்லாம் போய் இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊர் தேவிபட்டினம் பக்கம். 2012-லிருந்து 2023 வரை கோலாலம்பூரில் நம் ஊர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வேலை. முதலில் தேத்தண்ணி ஆற்றினேன், அப்புறம் ரொட்டிக் கல், கடைசியில் கல்லா. கல்லாவுக்கு மேலே மாமன்னர் படம். ரொட்டிக் கல்லின் எண்ணெய்ப் புகை அந்தக் கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்துவிடும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு நனைத்த துணியால் தேய்த்தால்தான் போகும். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் துடைப்பேன்.

பதினோரு வருடத்தில் அந்தச் சுவரில் மூன்று மாமன்னர்கள். அங்கே ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. அவர்கள் கூடி, முறை வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருவரை நாட்டின் மன்னராக, அதாவது மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் போனபோது கெடா சுல்தான், 1970-லேயே ஒரு தடவை இருந்துவிட்டு மறுபடி வந்தவர். அடுத்து கிளந்தான் சுல்தான், 2019 ஜனவரியில் காலம் முடியும் முன்பே விலகிவிட்டார். பிறகு பகாங் சுல்தான் அப்துல்லா.

2022 நவம்பர் 19, சனிக்கிழமை தேர்தல். மொத்தம் 222 இடம், ஆட்சிக்கு 112 வேண்டும். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வாரின் கூட்டணிக்கு 82, முன்னாள் பிரதமர் முகிதீனின் கூட்டணிக்கு 73. ஒருவராலும் முடியவில்லை. 1969 மே 13-ல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த கலவரத்தைச் சொல்லி மிரட்டும் வீடியோக்கள் டிக்டாக்கில் வர, போலீஸ் எச்சரிக்கை விட்டது. கடையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போயிருக்கும். இரவு பத்து மணிக்கே முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஊரிலிருந்து என் மனைவி போன் பண்ணி, "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கிளம்பி வந்துருங்க" என்றாள்.

அந்த ஐந்து நாளும் மாமன்னர்தான் பொறுமையாக வேலை பார்த்தார். யார் யாரை ஆதரிக்கிறீர்கள் என்று கட்சிகளிடம் கேட்டார். இரண்டு தலைவர்களையும் அரண்மனைக்கு அழைத்து, சேர்ந்து ஆட்சி அமையுங்கள் என்றார். முகிதீன் ஒப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மற்ற ஆட்சியாளர்களையும் கலந்து பேசி அன்வார் பெயரை அறிவித்தார். மாலை ஐந்து மணிக்குப் பதவியேற்பு. முதலாளி எழுந்து, "டேய், ஷட்டரை முழுசா ஏத்துடா" என்றார். டிசம்பர் 19-ல் நாடாளுமன்றம் கூடி நம்பிக்கைத் தீர்மானத்தை ஏற்றது. நியமிப்பது மன்னர், அது சரியா என்று சொல்வது சபை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாளில், போட்டியில் இல்லாத ஒருவர் நடுவில் இருக்க வேண்டியிருக்கிறது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் அப்போது பிரதமராயிருந்த முகிதீன் அவசரநிலை கேட்டதற்கு மறுத்தவர், 2021 ஜனவரியில் சம்மதித்தார். மாதக்கணக்கில் நாடாளுமன்றம் கூடவில்லை. அதில் எனக்கும் வருத்தம்தான். பிரிட்டனில் மன்னருக்கு இவ்வளவு வேலைகூடக் கிடையாது. அங்கே ஒரு மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708-ல்.

மன்னராட்சிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறப்பால் பதவி வருவது எனக்குச் சம்மதமில்லை. நம் குடியரசுத் தலைவர் வேலையும் ஏறக்குறைய இதுதான், ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். எங்கள் ராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதியே முதல் பொதுத்தேர்தலில் நின்று, ஓட்டு வாங்கித்தான் சட்டசபைக்குப் போனார். அது எனக்குப் பெருமை.

செலவு என்கிறீர்கள். இங்கே மன்னர் செலவு கிடையாது. ஆனாலும் எங்கள் தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வந்து பல நாளாகிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு என் அம்மா இந்த வயதிலும் அடுத்த தெருவுக்குப் போகிறாள். மனுக் கொடுத்தேன், இரண்டு தடவை. வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் செலவு என்றதும் இதுதான் நினைவுக்கு வருகிறது.

படத்துக்கு வருகிறேன். அதை நான் கும்பிட்டதில்லை. என் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு கொடுத்த நாட்டின் தலைவர் என்று துடைத்தேன். 2024 ஜனவரி 31-ல் ஜோகூர் சுல்தான் மாமன்னரானார். இப்போது என் இடத்தில் கல்லாவில் இருக்கும் தொண்டிப் பையன், புதுப் படம் மாட்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பழைய படம் எங்கேடா என்று கேட்டேன். "பேப்பர்ல சுத்தி அரிசி ரூமுக்கு மேல வச்சிருக்கேன்ணே" என்றான்.