பழைய பகிர்வு லைன் தொலைபேசியில் மணி மட்டும் அடிக்கவில்லையே?

கேள்வி: பழைய அமெரிக்க டயல் தொலைபேசி ஒன்றை வாங்கினேன். கிராமப்புறத்தில் பல வீடுகள் ஒரே லைனைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் பயன்பட்டதாம். என் இணைப்பில் மாட்டினால் டயல் டோன் கேட்கிறது, பேசவும் முடிகிறது. ஆனால் அழைப்பு வந்தால் மணி அடிப்பதில்லை. மணி கெட்டுப்போய்விட்டதா?

பதில்: பேச்சு ஒழுங்காக இருக்கிறதென்றால் மணியும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதை இணைத்திருக்கும் விதம்தான் இன்றைய எக்ஸ்சேஞ்சுக்குப் பொருந்தவில்லை.

பகிர்வு லைனில் ஒரே ஜோடிக் கம்பியில் பல வீடுகள் தொங்கும். தொடக்கத்தில் எல்லா வீட்டிலும் மணி அடித்தது. 'ஒரு நீளம், இரண்டு குட்டை' என்றால் இன்னார் வீடு என்று எண்ணிப் பார்த்து எடுப்பார்கள். நடுராத்திரியில் ஒருவருக்கு வரும் அழைப்புக்கு எல்லாரும் எழுந்தாக வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்தார்கள். மணியை இரண்டு கம்பிகளுக்கு நடுவே இணைக்காமல், ஒரு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே இணைப்பது ஒன்று: பாதி வீடுகளுக்கு ஒரு கம்பி, மீதிக்கு மற்றது. ஒவ்வொரு மணியையும் தனி அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்ப்பது மற்றொன்று: 20, 30, 40, 50, 60 ஹெர்ட்ஸ் என்பது ஒரு வரிசை. இரண்டையும் சேர்த்தால் ஒரே லைனில் பத்து வீடுகள், அவரவர் மணி அவரவருக்கு. (ஒட்டுக் கேட்பதை மட்டும் எதுவும் தடுக்கவில்லை.) அதே லைனில் உள்ள பக்கத்து வீட்டை அழைப்பது இன்னும் வேடிக்கை. எண்ணைச் சுழற்றிவிட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டும். மணி நின்றால் அவர் எடுத்துவிட்டார் என்று பொருள்.

டயலின் துடிப்புகளுக்கேற்ப நகரும் இயந்திர சுவிட்சுகளால் இயங்கிய பழைய ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்சுகளில் எந்தக் கம்பியில், எந்த அதிர்வெண்ணில் மணியடிப்பது என்பதை நீங்கள் சுழற்றும் எண்ணே தீர்மானிக்கும்படி அமைத்திருந்தார்கள். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனிச் சுற்று. அது இரண்டு கம்பிகளுக்கு நடுவே 20 அல்லது 25 ஹெர்ட்ஸில், சுமார் 90 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அனுப்பும். எர்த்தை நம்பியிருக்கும் மணிக்கு அதில் பங்கே கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் லைனைக் கழற்றிவிடுங்கள். வேலை செய்யும்போது அழைப்பு வந்தால் நல்ல ஷாக் அடிக்கும். அமெரிக்கக் கருவிகளில் சிவப்பும் பச்சையும் லைன் கம்பிகள், மஞ்சள் மணிக்குரியது. சுவர்ப் பெட்டியில் மஞ்சளையும் பச்சையையும் ஒரே திருகில் சேர்த்து முடுக்குங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை. கருவிக்குள் யாராவது கம்பிகளை இடம் மாற்றியிருந்தால் அந்த மாடலின் சுற்றுப்படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். மணிக்குத் தொடராக உள்ள கெபாசிட்டரைத் தவிர்த்துவிட்டு மட்டும் இணைக்காதீர்கள்.

அப்புறம் மணியின் மேல் 30, 50 போல ஏதாவது எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சுருதி சேர்த்த மணி. கம்பியை எப்படி மாற்றினாலும் அடிக்காது; சாதாரண மணி ஒன்றை வாங்கி மாட்டுவதே வழி.

உங்களுடையது ஃபைபர் இணைப்பு என்றால், சில மோடங்கள் தரும் மணி மின்னழுத்தம் இந்தக் கனமான மணிகளுக்குப் போதாது. எண்ணைச் சுழற்றும்போது டயல் அனுப்பும் மின் துடிப்புகளைப் புரிந்துகொள்ளாத மோடங்களும் நிறைய. அப்படியானால் துடிப்பை டோனாக மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றை நடுவில் வைக்க வேண்டும்.