வாசகர் கேள்வி: வயர் இல்லாத அயனும் வடியும் தண்ணீரும்

கேள்வி (பாயான் லெப்பாஸ் வாசகி): தீபாவளி மலிவு விற்பனையில் வயர் இல்லாத நீராவி அயன் ஒன்று வாங்கினேன். முதல் சட்டை அழகாக வருகிறது. இரண்டாவது சட்டையில் பாதிக்கு மேல் சுருக்கம் போக மாட்டேன் என்கிறது, அடியிலிருந்து தண்ணீர் வேறு சொட்டுகிறது. பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையெல்லாம் ஈரத் திட்டு. கடையில் கேட்டால் "எல்லாம் அப்படித்தான்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை தங்கச்சி. சட்டையைத் திருப்பிப் போடும்போது அயனை எங்கே வைக்கிறீர்கள்? பலகை ஓரத்தில் நிமிர்த்தி வைக்கிறீர்கள் என்றால் கோளாறு அங்கேதான். வயர் உள்ள பழைய அயன் நிமிர்ந்து நின்றாலும் அதற்குள் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், நமக்கு அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. வயர் இல்லாத இதற்குச் சூடு ஏறுவது கரண்ட் வரும் அதன் ஸ்டாண்டில் உட்காரும்போது மட்டும்தான். கையில் எடுத்த நொடியிலிருந்து அது ஆறிக்கொண்டே வருகிறது, அடித்தட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சூட்டைத்தான் நாம் செலவழிக்கிறோம்.

நீராவியைத் திறந்தால் அந்தச் செலவு இன்னும் வேகமாகப் போகும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், கொதித்த அந்தத் தண்ணீரை முழுக்க ஆவியாக்க. அவ்வளவும் அந்தத் தட்டிலிருந்துதான் வர வேண்டும். தட்டு ஆறிவிட்டால் உள்ளே விழும் தண்ணீர் ஆவியாகாமல் அப்படியே துளையில் வடியும், உங்கள் பிள்ளை சட்டையில் விழுந்தது அதுதான்.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் டோபி காட் என்கிறார்களே, நம் பெரியவர்கள் வண்ணான் துறை என்பார்கள், அந்தக் காலத்துக் கரிப்பெட்டிக்கும் வயர் கிடையாதுதான். ஆனால் அதற்கு நெருப்பு வயிற்றுக்குள்ளேயே இருந்தது. உங்களுடையது அடுப்பில் வைத்துச் சூடாக்குகிற கட்டி இரும்பின் சாதி. அந்த இரும்பில் இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றில் தேய்க்கும்போது மற்றது அடுப்பில் இருக்கும். நமக்கு இருப்பது ஒன்றுதான் என்பதால் துணியை நகர்த்துகிற நேரத்தை அடுப்பு நேரமாக்கிக்கொள்ள வேண்டும்.

காலர் தேய்த்தீர்களா, ஸ்டாண்டில் வையுங்கள். கைமுனையை விரித்து நீவிவிட்டு எடுங்கள், தேயுங்கள், திரும்ப ஸ்டாண்டு. முதுகுப் பக்கம் அகலம், ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு தடவையாகப் போங்கள். அரை நிமிடத்துக்கு மேல் கையில் இருந்தால் அது வெறும் கனம். முதல் நாள் இது எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, நாலைந்து சட்டைக்கு அப்புறம் கை தானாக ஸ்டாண்டைத் தேடிப் போகும்.

அப்புறம் இன்னொன்று, நீராவியை நம்பியே இருக்காதீர்கள். மழைக் காலத்தில் கொடியிலிருந்து எடுக்கும்போது துணி லேசாக ஈரமாகத்தானே இருக்கிறது, அப்போதே தேய்த்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டிக் கால் மணி நேரம் வைத்துவிட்டு, நீராவியை மூடித் தேயுங்கள். பருத்தி இப்படித்தான் நன்றாகப் படியும், தட்டின் சூடும் கூடுதலாக நிற்கும். பட்டுச் சேலைக்கு நீராவி வேண்டவே வேண்டாம்: சூட்டைக் குறைத்து, உள்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, சரிகையில் அழுத்தாமல்.

ஸ்டாண்டின் பிளக்கைச் சுவரில் நேராகப் போடுங்கள். 2,400 வாட் அயன் என்றால் அது மட்டுமே சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், நம் பிளக்கின் ஃபியூஸ் 13 தான். ஒரே எக்ஸ்டென்ஷனில் ரைஸ் குக்கரும் சேர்ந்தால் தாங்காது.

கேள்வி (செந்தூல் வாசகர்): தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் வந்த அன்று அயனில் நிரப்பினேன். வெள்ளை வேட்டியில் பழுப்புப் புள்ளிகள். அயன் துரு பிடித்துவிட்டதா?

அயனைக் குறை சொல்லும் முன் அன்றைக்கு வாளியில் பிடித்த தண்ணீரின் நிறத்தை நினைத்துப் பாருங்கள்! வெட்டுக்கு அப்புறம் முதலில் வருவது குழாயில் கிடந்த வண்டல். தெளியும் வரை திறந்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். இப்போது உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய துண்டின் மேல் முழுச் சூட்டில் நீராவி விட்டுப் பாருங்கள், துண்டில் கறை விழாமல் வரும் வரை. வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிடுவது நல்லது. வாசனைக்காக சாஃப்ட்னர், பன்னீர் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள், அதுவும் கருகிப் பழுப்பாகத்தான் வெளியே வரும். கஞ்சி போட்ட வேட்டி என்றால் தட்டில் ஒட்டிய கஞ்சியும் காரணமாக இருக்கலாம், ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): மகன் ஜப்பானிலிருந்து வயர் இல்லாத அயன் வாங்கி வந்திருக்கிறான். அடாப்டர் போட்டால் வேலை செய்யுமா?

செய்யாதும்மா, புகைதான் வரும். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230, 240. நீங்கள் சொல்கிற அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் சாமானுக்குத் தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது அயனைவிடப் பல மடங்கு கனம், விலையும் கொஞ்சமில்லை. இங்கேயே சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையும் மூன்று கால் பிளக்கும் உள்ளதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மகனிடம் அடுத்த தடவை மாட்சா பொடி வாங்கிவரச் சொல்லுங்கள்.