அரிவாள்மனைக்கு ஆட்டோகிளேவ் எதற்கு?

(ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: சிஸ்டர், எங்கள் வீட்டில் தினமும் மீன்தான். மருமகள் மதுரைப் பிள்ளை. நான் மீன் ஆய்ந்து எழுந்தால் போதும், அரிவாள்மனை, ஸிங்க், அடுப்படி மேடை எல்லாவற்றிலும் பினாயில் ஊற்றித் துடைக்கிறாள். மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது. கேட்டால் "கிருமி, அத்தை" என்கிறாள். நானோ வெறும் தண்ணீரில் கழுவி வைத்தே நாலு பிள்ளைகளை வளர்த்தவள். யார் செய்வது சரி?
- தங்கச்சிமடம் வாசகி

பதில்: மருமகளின் அக்கறை சரி, பினாயில் தப்பு. நீங்கள் முதலில் கழுவுவது சரி, வெறும் தண்ணீர் போதும் என்பது தப்பு. ஆளுக்குப் பாதி மார்க்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபரேஷன் தியேட்டரில், ரத்தம் காய்ந்த கத்தரிக்கோலை அப்படியே கொதிக்கிற பாய்லரில் போட்டுவிட்டேன். தியேட்டர் சிஸ்டர் அதை இடுக்கியால் எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். மூட்டில் ரத்தம் கறுப்பாக வெந்து ஒட்டியிருந்தது. "அவிச்சிருக்கே, கழுவலையே" என்றார். அன்றைக்குப் படித்த பாடம்தான் இது: அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை மருந்து தொடாது. மீன் கொழகொழப்பின் மேல் பினாயிலையோ பிளீச்சிங் தண்ணீரையோ ஊற்றினால் மருந்தின் வீரியம் அந்தக் கொழகொழப்போடேயே செலவாகிவிடும்.

ஆகவே முதல் படி கழுவுவது. சோப்பு போட்டுத் தேய்ப்பது கிருமியை முழுக்கக் கொல்லாது, பிடி தளர்த்தி அழுக்கோடு சேர்த்து அனுப்பிவிடும். வீட்டு வேலையில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடுகிறது. நம் கரையில் ஒரு தொல்லை உண்டு. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து பாத்திரத்தில் படியும். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவமோ சோப்புத்தூளோ தேவலை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் செலவழியுங்கள், பரவாயில்லை.

இரண்டாம் படி, கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பது. சாப்பாடு படும் இடத்துக்கு இது வேண்டும். அரிவாள்மனையைத் தேய்த்துக் கழுவியதும் நன்றாகக் கொதித்த தண்ணீரை அதன் மேல் ஊற்றி, வெயிலில் காயவையுங்கள். பிளீச்சிங் வேண்டாம். உப்புக்காற்றுக்கே துருப்பிடிக்கிற இரும்பு, குளோரின் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும்.

"கடல் மீன்தானே, உப்பில் கிருமி ஏது" என்று நம் பக்கம் சொல்வார்கள். நம்பாதீர்கள். உப்பு இருந்தால்தான் செழிக்கும் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பமே கடலில் இருக்கிறது, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். மீனை நல்ல தண்ணீரில் அலசினால் குறையும், நன்றாக வெந்தால் சாகும். ஆனால் மீன் அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் அரிந்தால், வெங்காயம் வேகப்போவதில்லையே! முடிந்தால் மீனுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படிதான் கிருமிநாசினி. கக்கூஸ், சாக்கடை வாய், வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால் அவர்கள் தொட்ட குழாய், தாழ்ப்பாள் ஆகியவற்றுக்கு. 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர். கலக்கித் தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுத்து, கழுவிய இடத்தில் பூசி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பூசின கையோடு துடைத்தால் பலனில்லை. தினம் புதிதாகக் கலக்க வேண்டும். பாக்கெட்டையும் இறுகக் கட்டி வையுங்கள், ஈரக்காற்று பட்டால் பவுடர் வெறும் சுண்ணாம்பாகிவிடும்.

பாட்டிலில் 99.9 சதவீதம் என்று போட்டிருக்கிறதே என்று மருமகள் கேட்கலாம். லட்சம் கிருமி இருந்தால் அப்போதும் 100 மிச்சம். முதலில் கழுவி லட்சத்தை ஆயிரமாக்கிவிட்டால் மிச்சம் ஒன்றுதான்.

பினாயில் தரைக்கும் சாக்கடைக்கும் உரியது. 1867-ல் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் காயங்களுக்குக் கார்பாலிக் அமிலம் பூசியதை எழுதினார், அந்தக் குடும்பத்துச் சரக்குதான் கறுப்புப் பினாயில். சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது. மீன் வீடென்றால் பூனை சுற்றும். பினாயில் தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி குறைவு.

நாலாவது படி, ஒரு கிருமியும் மிஞ்சாமல் ஒழிப்பது. அது ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் வேலை: 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தோடு, கால் மணி நேரத்துக்குக் குறையாமல். கொதிதண்ணீருக்குச் சாகாத ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகூட அதில் போய்விடும். வீட்டுக்கு அது தேவையில்லை. குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்தால், புட்டியைப் பிரித்துத் தேய்த்துக் கழுவி 10 நிமிடம் தண்ணீரில் மூழ்கக் கொதிக்கவிட்டால் போதும்.

கேள்வி: கக்கூஸுக்கு ஆசிட் ஊற்றி, கறை போகவில்லையென்று மேலே பிளீச்சிங் பவுடரும் போட்டேன். தொண்டை எரிந்து மூச்சே நின்றுவிட்டது, சிஸ்டர். ஏன்?
- கீழக்கரை வாசகர்

பதில்: நீங்கள் தயாரித்தது குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது அதேதான். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஏறும். இனி நடந்தால் துலக்க நிற்காதீர்கள். கதவைத் திறந்துபோட்டு வெளியே வாருங்கள். இருமல் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு நாள் ஆசிட், நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பிளீச்சிங். இரண்டையும் ஒரே பக்கெட்டில் வைத்திருந்தால் இப்போதே பிரித்து வையுங்கள்.

கேள்வி: அடுப்படித் துணியை டெட்டாலில் நனைத்தும் நாற்றம் போகவில்லை. என்ன போடலாம்?
- தேவிபட்டினம் வாசகி

பதில்: ஒன்றும் போட வேண்டாம், காயவிடுங்கள். நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும் துணியில் கிருமி பெருகிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு துணி வையுங்கள், ஒன்று கொடியில், ஒன்று கையில். ராத்திரி சோப்புப் போட்டு அலசி, வாரத்துக்கு இரண்டு தடவை கொதிக்க வையுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது போல மீன் தண்ணீர் சிந்தியதைத் துடைத்துவிட்டு அதிலேயே தட்டையும் துடைத்தீர்களா? அப்படியென்றால் அந்தத் துணியை அலசவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.