கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிறுபோக நெல் விற்ற காசில் 3 லட்சம் ரூபாவை ஒரு செயலியில் போட்டேன். மாதம் 20 வீதம் தருவோம் என்றார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. என் பேச்சைக் கேட்டு அயலில் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். அதற்கு எனக்குக் கொமிஷன் கிடைத்தது. இப்போது செயலி திறக்கவில்லை, வட்ஸ்அப் குழுவையும் அழித்துவிட்டார்கள். "நீயாத்தானே குடுத்தாய்" என்று வீட்டிலேயே ஏசுகிறார்கள். முறைப்பாடு செய்யலாமா?
- புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: செய்யலாம், கட்டாயம் செய்யுங்கள். நீங்களாகத்தான் கொடுத்தீர்கள், உண்மை. ஆனால் பொய் சொல்லி நம்பவைத்து, உங்கள் கையாலேயே காசைக் கொடுக்க வைப்பதைத்தான் தண்டனைச் சட்டக்கோவை 'ஏமாற்றுதல்' என்ற குற்றமாக வைத்திருக்கிறது. கத்தியைக் காட்டிப் பறித்தால் பொலிசுக்கு ஓடுகிறோம். சிரித்துப் பேசி வாங்கிக்கொண்டு போனால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறோம். வன்னியில் நான் கேட்கிற கதைகள் பாதிக்கு மேல் இந்த வெட்கத்தோடுதான் முடிகின்றன. ஏமாற்றுகிறவர்களும் அதை நம்பித்தான் ஊருக்குள் வருகிறார்கள்.

உங்களுக்கு நடந்ததில் இரண்டு வித்தை கலந்திருக்கிறது. புதிதாகச் சேர்கிறவரின் காசை எடுத்துப் பழையவருக்கு இலாபம் என்று கொடுப்பது பொன்சி. 1920இல் பொஸ்டன் நகரில் 45 நாளில் 50 வீதம் தருவதாகச் சொல்லிக் காசு திரட்டிய சார்ள்ஸ் பொன்சியின் பெயர் அது. உங்களுக்கு வந்த இரண்டு மாத 'இலாபம்' பெரும்பாலும் உங்கள் காசோ உங்கள் அயலவரின் காசோதான். ஆள் சேர்த்தால் கொமிஷன் என்பது பிரமிட். ஒருவர் 3 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10ஆவது படியில் 59,049 பேர் வேண்டும், 11ஆவது படியில் 177,147 பேர். 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதிலும் இருந்தவர்களே சுமார் 113,000 பேர்தான், கைக்குழந்தைகளையும் சேர்த்து. இந்தக் கணக்கு எங்காவது உடைந்தே தீரும். நடத்துகிறவருக்கு அது முதல் நாளே தெரியும்.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. 2023 ஓகஸ்டில் நின்றுபோன எம்.டி.எவ்.ஈ. என்ற முதலீட்டுச் செயலியையும் மத்திய வங்கி இதன்கீழ்தான் தடைசெய்யப்பட்ட திட்டமாக அறிவித்தது.

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். இப்படியான திட்டத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிப்பதும் அதே பிரிவில் குற்றம். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்று நான் நம்புகிறேன். ஆனாலும் கொமிஷனை மறைக்க வேண்டாம். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள், வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அயலவர் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் மூவருமாக முறைப்பாடு கொடுங்கள். காசு அனுப்பிய வங்கிச் சிட்டை, உங்களைச் சேர்த்தவரின் இலக்கம், குழுவில் வந்த செய்திகளின் படங்கள், எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தொலைபேசியை 'ரீசெட்' மட்டும் செய்துவிடாதீர்கள். அப்புறம், "இன்னும் 25,000 கட்டினால் முழுக் காசையும் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது அழைப்பார்கள். அதுவும் ஏமாற்றுத்தான்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பொருளாளர், உறுப்பினருக்கு மாறி மாறிக் கடன் கொடுக்கிற சுழற்சி நிதியை எடுத்துச் சொந்த வீட்டு வேலைக்குப் பாவித்துவிட்டார். "கடனாகத்தான் எடுத்தேன், தந்துவிடுவேன்" என்கிறார். இது குற்றமா?
- மல்லாவி வாசகர்

பதில்: கடன் என்றால் கேட்டு எடுக்க வேண்டும், சங்கக் கூட்ட அறிக்கையில் இருக்க வேண்டும். நம்பி ஒப்படைத்த காசை நேர்மையில்லாமல் தன் தேவைக்குத் திருப்புவது கையாடல். சட்டத்தில் இது குற்றவியல் நம்பிக்கை மோசடி, தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவு. ஏமாற்றுதலில் பொய் முதலே இருக்கும். இதில் காசு நேர்மையாகக் கைக்கு வருகிறது, பிறகுதான் பிழை நடக்கிறது. முறைப்பாடு எழுதும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. காசைத் திருப்பிக் கொடுப்பதால் மட்டும் குற்றம் இல்லாமல் போகாது. கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கும், மாதர், கிராம அபிவிருத்திச் சங்கம் என்றால் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று மூடி வைக்கிற நிதி அடுத்த வருடம் இன்னும் குறைந்திருக்கும்.

கேள்வி: உழவு இயந்திர லீசிங் தவணையை வீட்டுக்கு வருகிற உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். இரண்டு தவணை கட்டவில்லை என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. அவர் வேலையை விட்டுவிட்டாராம்.
- முழங்காவில் வாசகர்

பதில்: நிறுவனத்திடம் முழுக் கணக்குக் கூற்றை எழுத்தில் கேளுங்கள். காசு கொடுத்த நாள், இடம், பார்த்தவர் யார் என்பதையெல்லாம் அதே கடிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர்கள் சரியாகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த உத்தியோகத்தர் மீது பொலிஸ் முறைப்பாடு தனியாகப் போகட்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் இனி ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம், மழைக்குள் வந்து நிற்கிறார் என்றாலும்.

கேள்வி: வவுனியாவில் புதிதாகத் திறந்த நிறுவனம் ஒன்று வைப்புக்கு அதிக வட்டி தருகிறது. கம்பனிப் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. நம்பலாமா?
- நெடுங்கேணி வாசகர்

பதில்: அந்தச் சான்றிதழ் கம்பனி ஒன்று இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பொதுமக்களிடம் வைப்பு வாங்க நிதி நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வாங்குவது குற்றம். மத்திய வங்கி இணையத்தளத்தில் உரிமம் பெற்றவற்றின் பட்டியல் இருக்கிறது. நிறுவனம் முறிந்தால் வைப்பாளருக்கு இழப்பீடு தருகிற வைப்புக் காப்புறுதியும் அவற்றுக்குத்தான், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரை. உரிமம் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். த பினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020இல் இரத்தானது. இருக்கிற காசு முழுவதையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் என் மகனிடம், "உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் தா, மாதம் 15,000 தருகிறோம்" என்று கேட்கிறார்கள்.
- பரந்தன் தாய்

பதில்: கொடுக்கவே வேண்டாம், அம்மா. மற்றவரிடம் ஏமாற்றி எடுத்த காசை அந்தக் கணக்கு வழியாக ஓடவிடுவார்கள். குற்றத்தில் வந்த காசை நல்ல காசாகக் காட்டுவது பணம் தூயதாக்கல். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் மகனின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்தான். ஏற்கனவே கொடுத்துவிட்டார் என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.