ஃபேர்வெல் புடவை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகள் தூத்துக்குடியில் ஒரு கான்வென்ட் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வாரம் ஃபேர்வெல். வகுப்பே சேர்ந்து மெரூன் பட்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். பிளவுஸ் தையல் கூலியோடு 4,000 ரூபாய் ஆகிறது. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி வேறு எடுக்க வேண்டுமாம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஏற்றிய விளக்கை ஊதி அணைப்பது ஆகாது என்று மாமியார் முணுமுணுக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் தேவையா? புடவையில் போட்டோ எடுத்தால் ஒன்று அனுப்பச் சொல்லி மதுரை அத்தை கேட்டிருக்கிறாள், ஏதோ நல்ல இடமாம். அது கிடக்கட்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். போன வாரம் பீரோவை ஒழித்தபோது என் ஃபேர்வெல் போட்டோ அகப்பட்டது. திரும்ப உள்ளே வைக்க மனம் வரவில்லை, மேஜைமேலேயே கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உன் கடிதம்.

முதலில் உன் மாமியார். ஊத வேண்டாம் என்று மகளிடம் சொல், அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் ஹெச்.எம். சிஸ்டர் குத்துவிளக்கிலிருந்து முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவார். விளக்கின் உச்சியில் அன்னத்துக்குப் பதில் சிலுவை இருக்கும். அந்தச் சுடர் டீச்சர்களுக்கு, பிறகு எங்களுக்கு, கடைசியில் எதிர்வரிசையில் ஏற்றாத திரியோடு நிற்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு. ஈஸ்டருக்கு முந்தின இரவு கோயிலில் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து ஒவ்வொருவராகச் சுடர் வாங்குவார்களே, அந்த முறைதான். கார்த்திகைக்கு நாமும் ஓர் அகலிலிருந்துதானே அடுத்ததை ஏற்றுகிறோம்?

புடவைக்கு 4,000 அதிகம். மாமியாரின் பெட்டியில் ஓர் அரக்குப் பட்டு இல்லாமலா போகும்? போட்டோவில் அரக்கும் மெரூனும் ஒன்றுதான். சரி, புடவை முடிந்தது.

'அது கிடக்கட்டும்' என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படிக் கிடக்கும்?

1987. நான் கட்டியது பெரியம்மாவின் புடவை. மேடைக்குப் போகும் முன்பே கொசுவம் அவிழ்ந்துவிட்டது. சிஸ்டர் தன் தலைமுக்காட்டிலிருந்து இரண்டு ஊக்குகளைக் கழற்றி எனக்குக் குத்திவிட்டார். அன்றைக்கு மத்தேயு நற்செய்தியிலிருந்து வாசித்தார்கள். விளக்கை ஏற்றி யாரும் மரக்காலுக்குள் வைப்பதில்லை, தண்டின்மேல்தான் வைப்பார்கள் என்று வரும் பகுதி. வீட்டில் நெல் அளக்கும் மரக்கால் இருந்ததால் எனக்கு அது சட்டென்று புரிந்தது.

விழா முடிந்து எல்லோரும் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். பூந்தோட்டம் வரைந்த திரைக்கு முன்னால் தனித்தனியாக ஒரு படம். பக்கத்து பெஞ்சுக்காரி எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள். கீழே வைம்மா என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். வைக்கவில்லை.

அவள் அப்பா அந்தப் படத்தில் ஆறு பிரதி எடுத்தார், ஆறும் தரகருக்கு. மார்ச்சில் பரீட்சை, வைகாசியில் கல்யாணம். வயது பதினேழரை. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவேண்டும் என்று 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வரவில்லை போல. விஷயம் தெரிந்து சிஸ்டர் வெயிலில் நடந்தே அவள் வீட்டுக்குப் போனார். உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையும் கொடுத்தார்கள். கணக்கில் 200-க்கு 196. மார்க் ஷீட்டை அவள் தம்பிதான் வந்து வாங்கிப்போனான்.

அந்த சிஸ்டர் ஒரு கதை சொல்வார். 18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தச் சட்டத்தில் இடமில்லை. நானோ நேகிள் என்ற பெண்மணி கார்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளி நடத்தினார். பகலெல்லாம் பாடம், இரவில் லாந்தரைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஏழைகளின் வீடுகளுக்கு. 1775-இல் அவர் தொடங்கிய பிரசன்டேஷன் சபையின் சகோதரிகள் 1842-இல் மதராசுக்குக் கப்பலேறி வந்தார்கள். சென்னையில் இருக்கிற சர்ச் பார்க் கான்வென்ட் அவர்களுடையதுதான். எங்கள் பள்ளி வேறு சபை. ஆனாலும் லாந்தர் பிடித்தபடி நிற்கும் அந்த அம்மாவின் படம் சிஸ்டரின் மேஜையில் இருந்தது. கையில் விளக்கோடு வந்தவருக்குக் கார்க்கில் கதவாவது திறந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊரிலும் திறந்துதான் இருந்தது, காபி கொடுப்பதற்கு.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துச் சடங்கு தேவையா என்று என்னிடம் கேட்கிறாய். மதுரை அத்தையின் சடங்கு தேவையா என்று உன்னிடம் கேட்டுக்கொண்டாயா? அந்தப் பிள்ளை ஒரு சாயங்காலம் பெரிய மனுஷி மாதிரி புடவை கட்டி, தோழிகளோடு நின்று, அழுது, சிரித்து, ஸ்லாம் புக்கில் கிறுக்கி வாங்கப் போகிறாள். படம் அவளுடைய படம். இப்போது ஆறு பிரதி எடுக்கக் காசுகூட வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விரல் பட்டால் அறுபது வீட்டுக்குப் போய்விடும். "சும்மா பார்க்கத்தானே" என்பாள் அத்தை. என் தோழி வீட்டிலும் சும்மா பார்க்கத்தான் கேட்டார்கள்.

உனக்கு அந்த எண்ணம் இல்லை என்றே நம்புகிறேன். இருந்திருந்தால் எனக்கு எழுதியிருக்கமாட்டாய். ஆனால் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புடவை நிறம் இருக்கிறது, தையல் கூலி இருக்கிறது, அத்தை இருக்கிறாள். பிள்ளை அடுத்து என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேட்டு எழுது.

அப்புறம், ஊக்கு ஒரு டஜனாவது கொடுத்தனுப்பு. பழைய பட்டு வழுக்கும்.

அன்புடன்,
அக்கா