அம்மாவை ரிசர்ச்ல சேக்க 40,000 கேக்கறாங்க, கட்டலாமா?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 72 வயசு, ரெண்டு வருஷமா மறதி ஜாஸ்தியாயிட்டே போகுது. பால் காய்ச்சினதையே மறந்துட்டு திரும்ப பால் வாங்க கிளம்பறாங்க. டாக்டர் அல்சைமரா இருக்கலாம்னு சொன்னார். ஸ்கேன் எடுக்கற இடத்துல அறிமுகமான ஒருத்தர், மத்திய அரசு ஆராய்ச்சில சேத்துவிடறேன், புது ஊசி ஃப்ரீ, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் 40,000 ஆகும், சீட் கொஞ்சம்தான் பாக்கினு அவசரப்படுத்தறார். சிடிஆர்ஐ நம்பர் போட்ட பேப்பர்கூட காமிச்சார். கட்டலாமா டாக்டர்? (சேலம் வாசகி)

பதில்: கட்டாதீங்க. நகையை அடகு வெக்கலாமானு யோசிச்சிட்டு இருந்தா அந்த யோசனையையும் விட்டுடுங்க.

ஆராய்ச்சில சேர நோயாளி காசு கட்டறதுங்கறது நம்ம நாட்டுல கிடையாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-ல போட்ட நெறிமுறையிலயே இருக்கு, ஆராய்ச்சிக்காக எடுக்கற டெஸ்ட், மருந்து, எதுக்கும் கலந்துக்கறவங்க கிட்ட காசு வாங்கக்கூடாது. சொல்லப்போனா ஒழுங்கா நடக்கற இடத்துல நீங்க வந்துபோற பஸ் காசு, மதிய சாப்பாட்டு காசு அவங்கதான் குடுப்பாங்க. சீட்டு, ரெஜிஸ்ட்ரேஷன், ப்ராசஸிங் ஃபீஸ்னு எவனாவது பேசினா அவன் காலேஜ் அட்மிஷன் புரோக்கரா இருந்துட்டு இந்த லைனுக்கு வந்தவன்னு வெச்சுக்கோங்க.

அடுத்தது அந்த மத்திய அரசு ஆராய்ச்சி. இங்க மறதி நோய்க்கு நடக்கற பெரிய ஆராய்ச்சிகள்ல சிலது மருந்து குடுக்கற ஆராய்ச்சியே இல்ல, எத்தனை பேருக்கு நோய் இருக்குனு எண்ணி பாக்கற ஆராய்ச்சி. லாசி-டாட்னு ஒண்ணு, வயசானவங்க மறதி பத்தி நாடு பூரா எடுத்த கணக்கெடுப்பு, டெல்லி எய்ம்ஸ் முன்ன நின்னு நடத்தினது, 2017-லருந்து 2020 வரைக்கும் முதல் சுத்துல 60 வயசுக்கு மேல 4,096 பேரை பாத்தாங்க. வீட்டுக்கு வந்தோ ஆஸ்பத்திரிக்கு வரவெச்சோ பத்து வார்த்தை சொல்லிக்குடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப சொல்ல சொல்வாங்க, ரத்தம் எடுப்பாங்க, பொண்ணையோ பையனையோ தனியா உக்கார வெச்சு அம்மா முன்ன மாதிரி கணக்கு வழக்கு பாக்கறாங்களா, வழி தெரியுதானு கேப்பாங்க. அவ்ளோதான். அங்க இருக்கற ஒரே ஊசி ரத்தம் எடுக்கற ஊசி. யார் வீட்டுக்கு போகணும்னு குலுக்கல் மாதிரி அவங்களே தேர்ந்தெடுப்பாங்க, நீங்களா மனு போட்டு சேர முடியாது, எம்எல்ஏ லெட்டர் வாங்கினாலும் முடியாது. கோலார் பக்கம் ஸ்ரீனிவாசபுராவுல பெங்களூர் ஐஐஎஸ்சி-யோட (இந்திய அறிவியல் கழகம்) மூளை ஆராய்ச்சி மையம் நடத்தறதும் அப்படித்தான், அந்த தாலுகா ஜனங்களுக்கு மட்டும்.

லாசி-டாட்ல வந்த கணக்குபடி 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (மறதி நோய், அல்சைமர் அதுல ஒரு வகை), அதாவது சுமார் 88 லட்சம் பேர். இதை எண்ணறதுக்கு பெரும்பணம் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா, அமெரிக்க அரசோட முதுமை ஆராய்ச்சி நிறுவனம். நம்ம ஊரு பாட்டிக்கு ஞாபகம் இருக்கானு பாக்க அவன் வரிப்பணம் வேண்டியிருக்கு! முன்னாடி சென்னை, வேலூர்ல எல்லாம் நடந்த ஆராய்ச்சி குழுவுக்கு 10/66-னே பேரு. டிமென்ஷியா இருக்கறவங்கள்ல 66 சதவீதம் வசதியில்லாத நாடுகள்ல, ஆனா ஆராய்ச்சில 10 சதவீதம்கூட அவங்கள பத்தி இல்லைங்கறத குத்திக்காட்டறதுக்காக வெச்ச பேரு. இவ்ளோ வருஷம் ஆகியும் அந்த பேரு பழசாகல, அதான் வயித்தெரிச்சல்.

இப்ப அந்த சிடிஆர்ஐ நம்பருக்கு வரேன், இதுலதான் படிச்சவங்களே விழறாங்க. சிடிஆர்ஐங்கறது ஒரு பதிவேடு, ஐசிஎம்ஆர் நடத்துது, 2009 ஜூன்லருந்து மருந்து ஆராய்ச்சி எல்லாம் அதுல பதியணும்னு கட்டாயம். பதிஞ்சிருக்குனா பதிஞ்சிருக்கு, அவ்ளோதான் அர்த்தம், அரசு அங்கீகாரம் இல்ல, அந்த மருந்து வேலை செய்யும்னு சர்ட்டிபிகேட்டும் இல்ல. கல்யாண மண்டபத்து நோட்டுல பேர் எழுதிட்டா பொண்ணு வீட்டுக்காரங்க ஆயிடுவோமா? என்கிட்ட ஒருத்தர் இதே மாதிரி பேப்பர் கொண்டுவந்தார், நம்பர் நிஜம், போய் பாத்தா அது மூட்டுவலி தைலத்துக்கான ஆராய்ச்சி! அதனால அந்த நம்பரை சிடிஆர்ஐ வெப்சைட்ல போட்டு நீங்களே பாருங்க. என்ன நோய்க்கு, யார் பணம் போடறாங்க, எந்தெந்த ஆஸ்பத்திரில நடக்குது, இன்னும் ஆள் எடுக்கறாங்களா முடிஞ்சிடுச்சா, நெறிமுறை குழு ஒப்புதல் குடுத்தாச்சா, எல்லாம் இருக்கும். முக்கியமா போன் பண்றதா இருந்தா அந்த பக்கத்துல இருக்கற நம்பருக்கு பண்ணுங்க, புரோக்கர் பேப்பர்ல இருக்கற நம்பருக்கு பண்ணினா அவன் மச்சான்தான் எடுப்பான். அந்த சைட்ல ஆராய்ச்சி விவரம் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, ஜனங்களுக்காகத்தானே பதிவேடு, நம்ம பாஷைல நாலு வரி போட்டா என்ன கொறைஞ்சிடும்னு மீட்டிங்ல கேட்டு கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். வீட்ல காலேஜ் படிக்கற பசங்க இருந்தா உக்கார வெச்சு படிக்க சொல்லுங்க.

புது ஊசினு சொல்றது அல்சைமருக்கு வந்திருக்கற லெக்கனெமாப், டொனனெமாப் இந்த ரெண்டு மருந்தையும் மனசுல வெச்சு அடிச்சு விடறதா இருக்கும். அமெரிக்காவுல 2023 ஜூலைலயும் 2024 ஜூலைலயும் முழு அனுமதி கெடைச்சது நிஜம். ஆனா அது ஆரம்ப நிலைல இருக்கறவங்களுக்கு மட்டும், அதுவும் மூளைல அமிலாய்டுங்கற புரதம் படிஞ்சிருக்குனு பெட் ஸ்கேன்லயோ தண்டுவட நீர்லயோ நிரூபிச்ச பிறகு. மூளை வீங்கலாம், ரத்தம் கசியலாம், அதனால திரும்ப திரும்ப எம்ஆர்ஐ எடுக்கணும். இவ்ளோ பண்ணியும் லெக்கனெமாப் ஆராய்ச்சில 18 மாசத்துல சரிவு 27 சதவீதம் மெதுவாச்சு, போன ஞாபகம் திரும்பி வரல. இதை ஒருத்தன் ஸ்கேன் சென்டர் வாசல்ல வித்துட்டு இருக்க முடியாது. அவன் ஊசி ஸ்டெம்செல்லா இருந்தா இன்னும் மோசம், அல்சைமருக்கு காசு வாங்கிட்டு ஸ்டெம்செல் போடறது ஸ்டெம்செல்லுக்குனே 2017-ல வந்த தேசிய வழிகாட்டுதல்படியே தப்பு.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கொழப்பம் வரும், அதை சொல்லிடறேன், இல்லைனா நாளைக்கு நல்ல எடத்துல பில் பாத்துட்டு நீங்களே கெளம்பி வந்துடுவீங்க. ஆராய்ச்சி நடக்கற ஆஸ்பத்திரிலயும் உங்களுக்கு சில பில் வரலாம். அம்மாவுக்கு சுகர் இருந்தா, அதுக்கு மாத்திரை, அது உங்க செலவு. டாக்டர் வழக்கமா எப்படியும் எழுதியிருக்கக்கூடிய பி12 டெஸ்ட், தைராய்டு டெஸ்ட், அதுவும் உங்க செலவுதான், ஆராய்ச்சில சேந்தாலும் சேராட்டியும் எடுத்திருப்பீங்க இல்லையா. ஆனா ஆராய்ச்சிக்காகவே ஆறு மாசத்துக்கு ஒருதரம் எம்ஆர்ஐ எடுக்கறாங்கனா அது அவங்க செலவு. சந்தேகம் வந்தா கவுன்ட்டர்ல ஒரே கேள்வி கேளுங்க: நாங்க இந்த ஆராய்ச்சில சேரலைனாலும் இந்த டெஸ்ட் எழுதியிருப்பீங்களா? ஆமான்னா கட்டுங்க, இல்லைனா கட்டாதீங்க. கவுன்ட்டர்ல தெரியலைன்னா ஆராய்ச்சி டாக்டர்கிட்டயே போங்க. எங்க போனாலும் ரசீது ஆஸ்பத்திரி பேர்ல வரணும், யாரோ ஒருத்தர் ஜிபே நம்பருக்கு போகக்கூடாது.

நிஜமான ஆராய்ச்சில சேர்ற வாய்ப்பு வந்துச்சுனா தமிழ்ல தகவல் தாள் கேட்டு வாங்குங்க, வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிங்க, இப்பவே கையெழுத்து போடுங்கனு சொன்னா எழுந்து வந்துடுங்க. அம்மாவால புரிஞ்சு முடிவெடுக்க முடியலைனா அவங்க சார்பா நீங்க கையெழுத்து போடலாம், ஆனா அம்மா வேணாம்னு கையை இழுத்துக்கிட்டா அதுக்கு மேல வற்புறுத்தக்கூடாது. பாதில விலகினாலும் வழக்கமான வைத்தியத்தை நிறுத்த மாட்டாங்க.

இதெல்லாம் இருக்கட்டும், உங்க லெட்டர்ல என் கண்ணுல பட்டது "இருக்கலாம்"ங்கற வார்த்தை. இருக்கலாம்னா இன்னும் முடிவாகலை. பி12, தைராய்டு பாத்தாச்சா? தூக்க மாத்திரை ஏதாவது வருஷக்கணக்கா போட்டுட்டு இருக்காங்களா? காது சரியா கேக்குதா? ஸ்கேன்ல ரத்தக்கட்டு, நீர் கோத்தது எதுவும் இல்லைனு சொன்னாங்களா? மனச்சோர்வுகூட மறதி மாதிரியே வேஷம் போடும். இதுல சிலது சரி பண்ணக்கூடியது, சல்லிசான மாத்திரைலயே தேறினவங்களை பாத்திருக்கேன். அந்த 40,000-ல பத்துல ஒரு பங்குகூட இதுக்கு ஆகாது, அரசு மருத்துவக் கல்லூரில பாத்தா அதுவும் வேணாம். சேலத்துலயே நியூராலஜி ஓபி-ல காட்டுங்க, சென்னை வர முடிஞ்சா கிண்டி தேசிய முதியோர் நல மருத்துவமனை, பெங்களூர் கிட்டனா நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி). அங்க டாக்டர்கிட்டயே இங்க ஏதாவது ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கறீங்களானு நேரா கேளுங்க, அதான் வழி, புரோக்கர் தேவையே இல்ல. க்யூல நாலு மணி நேரம் நிக்க வேண்டியிருக்கும், காலைல ஏழு மணிக்கே போயிடுங்க, அம்மாவுக்கு தண்ணியும் பிஸ்கட்டும் எடுத்துக்கோங்க, போட்டுட்டு இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு கொண்டு போங்க.

அந்த பேப்பரை கோவத்துல கிழிச்சு போட்டுடாதீங்க. போட்டோ எடுத்து, அந்த ஆள் போன் நம்பரோட உங்க மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீஸ்ல ஒரு புகார் எழுதி குடுத்துட்டு, குடுத்ததுக்கு சீல் போட்டு வாங்கிக்கோங்க.