பெட்டி யாருடையது?

கேள்வி: என் தாய்மாமா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் யாழ்ப்பாணம் போனவர். அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யூனிஃபார்ம் படத்தைக்கூட வீட்டில் மாட்ட விடவில்லை. பிள்ளை இல்லாததால் எங்களைத்தான் பிள்ளையாக வளர்த்தார். எனக்குக் காது குத்தியதும் அவர் மடியில்தான். போன தையில் தவறிவிட்டார். முதல் வருட நினைவுக்கு, பேரையூர் பக்கம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் யூனிஃபார்ம் படத்தோடு பெரிய ஃபிளெக்ஸ் வைத்து, அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகவும் போட ஆசை. அவர் எழுதிய கடிதங்கள், மெடல்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அத்தை சாவியைத் தர மறுக்கிறார். ‘அது உங்க மாமா பெட்டி இல்ல, என் பெட்டி’ என்கிறார். 64 வயதாகிறது, ஏதோ பேசுகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— சென்னையில் வேலை பார்க்கும் மருமகன்

பதில்:

அத்தை ‘ஏதோ’ பேசவில்லை தம்பி. சரியாகத்தான் பேசியிருக்கிறார்.

அந்தக் கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டவை? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் இன்லண்டு லெட்டர் போட்டால் மேலே யார் பெயர், யார் விலாசம் இருக்கும்? பெண்டாட்டி பெயர்தானே. தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்து, வந்ததும் வாங்கிப் படித்து, இத்தனை வருஷம் பூச்சி அரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர் அவர். அவருடைய கடிதத்தை அவருடைய பெட்டி என்று சொன்னதற்கு, வயதாகிவிட்டது என்று ஒதுக்குகிறீர்கள். 64 வயதில் புத்தி தடுமாறுகிறது என்று முடிவு கட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மாமா ஒரு வார்த்தை பேசியதில்லை என்கிறீர்கள். உங்களிடம் பேசியதில்லை, அவ்வளவுதான். எவரிடம் பேசினார் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி.

ஏன் ஊரில் பேசவில்லை என்பதையும் யோசியுங்கள். 1987 ஜூலையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் ஆனது. அக்டோபரில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்புவதற்குள் நம் படையில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். அங்கிருந்த தமிழ்ச் சனங்கள் பட்ட பாடு அதைவிடப் பெரிது. அதற்கு நடுவே நின்ற தமிழ்ச் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். சோதனை என்று ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து ‘ஐயோ’ என்று கேட்கிற குரல் அவருக்குப் புரிகிறது. கூட வந்த பஞ்சாபிக்காரருக்கோ, கூர்க்காவுக்கோ அந்தச் சங்கடம் இல்லை. சரி, ஊர் திரும்பிய பிறகாவது நிம்மதி உண்டா? தமிழர்களைக் கொன்ற படை என்று சொல்லி, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஊர்ச் சாவடியிலும் பலருக்கு அதே எண்ணம்தான். வெளியே சொன்னால் ஒரு பக்கம் துரோகிப் பட்டம், இன்னொரு பக்கம் வீரதீரக் கதை கேட்கிற ஆர்வம். இரண்டுமே அவருக்கு வேண்டியிருக்கவில்லை. திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்தில் எத்தனையோ பட்டாளத்தார் வீடுகளை எனக்குத் தெரியும். ஊர் அவர்களிடம் வாய் திறந்து கேட்டதெல்லாம் பெரும்பாலும் கேண்டீன் பாட்டில்தான்.

வீட்டுச் சுவரிலேயே யூனிஃபார்ம் படம் வேண்டாம் என்றவரைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர் வேண்டாம் என்றதை, அவர் தடுக்க முடியாத நேரம் பார்த்துச் செய்வது.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருஷா வருஷம் வருகிறது. அப்பா, பெரியப்பா, மாமா என்று முறைதான் மாறும். உயிரோடு இருந்தபோது பக்கத்தில் உட்காராதவர்கள், போன பிறகு பெட்டியை உடைக்க நிற்பார்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அத்தை இப்போது யாரோடு இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரி கிடையாது. நீங்கள் மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டபோது சீர்த் தட்டு தூக்கி வந்தது யார்? தாய்மாமன் தன் கடனைச் செய்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கடன் இனி உங்களுடையது, அத்தைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

முதல் வேலையாக அவருக்குக் குடும்ப பென்ஷன் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது, நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. மாமா பெயரில் வந்தது அவரோடு நின்றுவிடும். இறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் வேண்டும். இந்த விஷயத்தில் அடிக்கடி சிக்குவது பெயர்தான். ரெக்கார்டில் மனைவி பெயர் ஒரு எழுத்தில் இருக்கும், ஆதாரில் வேறு எழுத்தில் இருக்கும். அதைத் திருத்த ஆளில்லாமல் அலைகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். மதுரையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. லீவு போட்டுவிட்டு வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவரை உட்கார வையுங்கள். அப்படியே அங்குள்ள முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில் அவருக்கு மருத்துவ அட்டை செல்லுபடியாகிறதா என்றும் விசாரித்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் புக் அந்தப் பெட்டியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எடுக்க அவரே திறப்பார். அப்போது நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது, போனில் படம் எடுக்கக் கூடாது. ஏதாவது ஒரு கடிதத்தை அவராகப் படித்துக் காட்டினால் கேளுங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஃபிளெக்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். முதல் வருட நினைவுக்கு என்ன செய்வது என்பதை அத்தை சொல்லட்டும். படையல் போட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போதும் என்றால் அது போதும்.